கைவினைச் சந்தையில் உடன்வரும் இளையோரின் பங்கு: ஒரு பொருளியல் ஆய்வு

கலைச்சந்தையில் ஒரு பொருளின் விலையை முடிவு செய்வது மண்ணும் அன்று, மை தீட்டிய கையும் அன்று. ஸ்டாலுக்குள் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையே என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

ஆய்வுக் களம், சென்னையில் சனி ஞாயிறுகளில் பள்ளி மைதானங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் கூடும் சந்தைகள். ஆய்வுப் பொருள், ஆய்வாளர் தம் கையால் செய்த டெரகோட்டா ஜிமிக்கி. உடன்வந்த இளையோர் (இனி உ.இ. எனச் சுட்டப்படுவார்), ஆய்வாளரின் அண்ணன் மகள், ஐந்தாம் வகுப்பு, கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லும் இயல்பினர். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை, பத்தமடைப் பாய், செட்டிநாட்டுக் கொட்டான் ஆகியவை புவிசார் குறியீடு பெற்ற பெரிய இடத்துச் சரக்குகள் என்பதால் ஆய்வெல்லைக்குள் வரா. மடிப்பாக்கம் மொட்டைமாடி ஜிமிக்கிக்கு அந்தக் குறியீடு இன்னும் கிடைக்கவில்லை.

முன்னோர் கூறியவற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மதுரைக்காஞ்சி, பகலில் கூடும் நாளங்காடி, இரவில் கூடும் அல்லங்காடி என இரண்டையும் காட்டி, கடைத்தெருவில் பறந்த கொடிகளையும் பாடுகிறது. நம் சந்தை காலை பதினொன்றுக்குத் தொடங்கி இரவு ஒன்பதுக்கு முடிவதால் இரண்டு அங்காடிகளின் அலுப்பும் ஒரே ஆளுக்குச் சேர்கிறது. கொடிக்குப் பதில் உ.இ. ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய சார்ட் அட்டை தொங்கும். அதில் ‘ஜிமிகி’ என்று இருப்பதை ‘ஜிமிக்கி’ என்று திருத்தியவர்களே ஸ்டாலின் முன் அதிக நேரம் நின்றார்கள் என்பது தனி ஆய்வுக்கு உரியது.

கௌடில்யர் உள்ளூர்ச் சரக்குக்கு நூற்றுக்கு 5, வெளிநாட்டுச் சரக்குக்கு 10 என்று லாபத்துக்கு வரம்பு கட்டினார். அவ்வரம்பை மீறும் வாய்ப்பு இவ்வாய்வில் எழவில்லை. 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்களும் சிற்பிகளும் சோழமண்டலம் கலைக்கிராமத்தை அமைத்தபோது, பத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்ற காசுதான் அவர்களுக்குக் கைகொடுத்தது. அவர்கள் அப்படி ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக இடம் வாங்கினார்கள். நம் வருவாயில் வாங்கப்பட்டது பற்றிப் பின்னர்.

விலை எப்படி வைப்பது என்பதே முதற்சிக்கல். மண்ணைக் காற்றுக் குமிழி தங்காமல் அடித்துப் பிசைய வேண்டும். சின்னக் குடைபோலக் குவித்து, விளிம்பில் ஊசி முனையால் புள்ளி குத்தி, வெயில் படாமல் நிழலில் காயவைக்க வேண்டும். பிறகு தகர டப்பாவில் உமியும் கரியும் பரப்பி, அதன் நடுவே அடுக்கிச் சுட வேண்டும். துளி ஈரம் மிச்சமிருந்தாலும் உள்ளே ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்கும். டப்பாவைத் திறக்கும்வரை வெடித்தது எந்த ஜோடியின் எந்தக் காது என்று தெரியாது. இத்தனை நேரத்துக்கும் கூலி போட்டால் ஜிமிக்கி தங்க விலையை எட்டிப்பிடிக்கும். ஆனால் மார்க்ஸ் 1867-லேயே ‘மூலதனம்’ நூலில் அந்த வழியை அடைத்துவிட்டார். உழைத்த நேரம்தான் மதிப்பு என்றால், சோம்பேறி மெதுவாகச் செய்த சரக்கு அதிக மதிப்புப் பெற்றுவிடாதா என்று அவரே கேட்டு, சமூகத்துக்குச் சராசரியாகத் தேவைப்படும் நேரமே கணக்கு என்று முடித்தார். சீரியல் பார்த்துக்கொண்டே புள்ளி குத்தியவர்களுக்கு அதில் இடமில்லை. ஆகவே பக்கத்து ஸ்டாலில் என்ன விலை என்று எட்டிப்பார்த்து, அதில் ஐம்பது கூட்டி, 250 என்று ஒட்டப்பட்டது.

இனி வாடிக்கையாளர். இவர்களை வகைப்படுத்தத் தொல்காப்பியத்தை விட்டால் வேறு கதியில்லை. ஒரு பக்கக் காதலாகிய கைக்கிளையும் பொருந்தாக் காதலாகிய பெருந்திணையும் கலைச்சந்தைக்கு அப்படியே பொருந்துகின்றன. நடுவில் உள்ள ஐந்திணை, அதாவது பார்த்தவுடன் பிடித்துக் கேட்ட விலைக்கு வாங்குவது, இலக்கியத்தில்தான் உண்டு. மறுமொழி பெறாமலே பேசிப் பேசித் தானே இன்புறுவது கைக்கிளைக் குறிப்பு. “ஹேண்ட்மேட் மேடம், தண்ணி பட்டாலும் பெயிண்ட் போகாது, போட்டுப் பாருங்க” என்று ஆய்வாளர் காற்றோடு பேசியதை எந்த உரையாசிரியரும் அத்துறையிலேயே சேர்ப்பார். ஜிமிக்கியை நாற்புறமும் படமெடுத்துவிட்டு “கிளாஸ் எடுப்பீங்களா?” என்று கேட்பவர் பெருந்திணை.

“ஒரு ரவுண்டு போயிட்டு வர்றேன்” என்பாரை எத்திணையிலும் அடக்க முடியவில்லை. ரவுண்டு போனவர் புறப்பட்ட புள்ளிக்கு வந்துசேர வேண்டும் என்பது வடிவியல். இவர்கள் ஒருவர்கூட வராததால், கலைச்சந்தையின் ரவுண்டு என்பது ஸ்டாலில் தொடங்கிப் பார்க்கிங்கில் முடியும் நேர்கோடு எனக் கொள்க.

இந்நிலையில்தான் உ.இ. களத்தில் இறங்குகிறார். “பாண்டி பஜார்ல இதே மாதிரி நூறு ரூபாய்க்குக் கிடைக்குதே” என்று ஒரு அம்மாள் தொடங்கியதும், ஆய்வாளர் விலையைக் குறைக்க வாயெடுத்தார். அதற்குள் உ.இ. எழுந்து வந்து, “ஆன்ட்டி, அந்த நீலத்தை எடுக்காதீங்க. அது உடைஞ்சுபோச்சு, அத்தை ஃபெவிக்விக் போட்டு ஒட்டி வெச்சிருக்காங்க. பச்சை நல்லா இருக்கு” என்றார்.

அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் ஏகர்லோஃப் 1970-இல் பழைய கார்ச் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். சரக்கின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அந்தப் பயத்தில் வாங்குபவன் எல்லாச் சரக்குக்கும் குறைத்தே கேட்பான். நல்ல சரக்குக்காரன் கட்டுப்படியாகாமல் போய்விடுவான். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது ஓட்டைக் கார்தான். இதற்காக அவருக்கு 2001-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இந்நோய்க்கு உத்தரவாதச் சீட்டு, நிறுவனப் பெயர், உரிமம் என்று சில மருந்துகளை அவர் சொன்னார், உ.இ.யை அவர் கருதவில்லை. அந்த அம்மாள் பச்சையை 250-க்கே வாங்கினார். பிறகு ஆய்வாளரிடம் எதுவும் பேசாமல் உ.இ.யிடமே, “வேற எதுடா கண்ணு நல்லா இருக்கு?” என்று கேட்டு இன்னொரு ஜோடியும் எடுத்தார். பேரம் என்ற பேச்சே எழவில்லை. ஒட்டிய நீலத்தைப் பற்றி மட்டும் குடும்பத்துக்குள் தனி விசாரணை நடந்தது.

உ.இ. உண்மையே உருவானவர் என்று இதிலிருந்து யாரும் முடிவுகட்ட வேண்டாம். பணம் வந்ததை உரக்க அறிவிக்கும் யூபிஐ பெட்டி ஒன்று மேசையில் இருந்தது. மதியம் மூன்று மணிக்கு ஈ ஓட்டிக்கொண்டிருந்த வேளையில், மேசைக்கு அடியிலிருந்து அந்தப் பெட்டியின் பெண்குரலிலேயே “இருநூற்று ஐம்பது ரூபாய் பெறப்பட்டது” என்று கேட்டது. சற்று நேரம் கழித்து “ஐந்நூறு” என்றும் கேட்டது. போனவர்கள் திரும்பினார்கள். இவ்வளவு போகிற கடையில் என்ன இருக்கிறது என்று எட்டிப்பார்த்தார்கள். இதை மேற்சொன்ன வாய்மையோடு எப்படிப் பொருத்துவது என்பதில் ஆய்வாளருக்கும் அவர் அண்ணிக்கும் கருத்து வேறுபாடு உண்டு.

உ.இ. சொந்தச் சரக்காக, கூழாங்கற்களில் ஆந்தை வரைந்து எடுத்துவந்திருந்தார். ஒன்று இருபது ரூபாய். உருளைக்கிழங்குக்குக் கண் வைத்ததுபோல இருந்த அவை, ஜிமிக்கிக்கு முன்பே தீர்ந்தன என்பதைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஒன்று மட்டும் மிஞ்சியது, ஒற்றைக்கண் ஆந்தை. மறுகண் வைக்கும்போது மை கொட்டியதால் வந்த ஊனம்.

அதைத்தான் வேண்டும் என்று ஒரு கல்லூரி மாணவர் நின்றார். உ.இ. தரமாட்டேன் என்றார். ஐம்பது என்றார் மாணவர், பிறகு நூறு. தலையாட்டல் மாறவில்லை. கானமன், நெட்ஸ், தேலர் மூவரும் 1990-இல் வெளியிட்ட சோதனையில் மாணவர்கள் சிலருக்குக் காப்பிக் குவளையைக் கொடுத்து, அதையே விற்கச் சொன்னார்கள். கைக்கு வந்த சற்று நேரத்திலேயே, வாங்குபவர் தர நினைத்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை சொன்னார்கள் அவர்கள். தன்னுடையது என்றானதும் பொருளின் மதிப்பு ஏறிவிடுகிறது. அந்தக் குவளைக்காரர்களாவது ஒரு தொகை சொன்னார்கள். உ.இ. தொகையே சொல்லவில்லை. “அது பேரு கண்ணாயிரம்” என்றார். பெயர் வைக்கப்பட்ட சரக்கு பற்றி மேலைப் பொருளியலில் எதுவும் கண்ணில் படவில்லை.

நூறு ரூபாய்க்குப் போகாத கண்ணாயிரம், அரைமணி நேரத்தில் பக்கத்து ஸ்டால் அம்மாளின் மகனிடம் இருந்த குரோஷா ஆக்டோபஸுக்குப் பண்டமாற்றாகப் போனது. ஆக்டோபஸுக்கும் ஒரு கால் குறைவு. இரு தரப்பும் மனநிறைவோடு கைகுலுக்கியதை ஆய்வாளர் நேரில் கண்டார். பணம் என்ற ஒன்றைக் கண்டுபிடித்த பிறகுதான் பேரமும் தகராறும் வந்தனவோ என்ற ஐயம் அப்போது எழுந்தது.

வரவுசெலவு வருமாறு. விற்ற பணத்தில் பாதிக்கு மேல் ஸ்டால் வாடகைக்குப் போனது. விளக்குக்குத் தனிக் கட்டணம் என்று ஏற்பாட்டாளர் மாலையில்தான் சொன்னார். மிச்சத்தில் ஒரு பகுதி, எதிர் வரிசைச் சணல் பைக் கடையில் ஆய்வாளரே வாங்கிய பைக்கு. அந்தச் சணல் பைக்காரர் நம்மிடம் ஜிமிக்கி வாங்கியிருந்ததால் அது வெளியே போன பணமாகாது. கூர்ந்து பார்த்தால் கலைச்சந்தைப் பணம் பெரும்பாலும் ஸ்டாலுக்கு ஸ்டால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உண்மையில் ரவுண்டு போவது அது ஒன்றுதான். அது வெளியேறும் வாசல் மிளகாய் பஜ்ஜித் தள்ளுவண்டி. உ.இ. அங்கே மூன்று முறை போய்வந்தார். பஜ்ஜிக்காரர் வாடகை தரவில்லை, சார்ட் அட்டை கட்டவில்லை, யாருக்கும் கிளாஸ் எடுக்கவில்லை.

திரும்பும் ஆட்டோவில் உ.இ. தம் பங்கைக் கேட்டார். “உன் ஆந்தைக் காசு முழுக்க உன்கிட்டதானேடி இருக்கு?” என்றதற்கு, “அது ஆந்தைக் காசு, அத்தை. நான் கேக்கிறது பேசின காசு” என்றார். பத்து சதவீதத்தில் பேச்சு முடிந்தது. இது கௌடில்யர் வெளிநாட்டுச் சரக்குக்கு அனுமதித்த அளவு. அடுத்த சந்தைக்கான அட்டையும் எழுதி முடித்தாயிற்று. இந்த முறை எழுத்துப் பிழை இல்லை: “அத்தையிடம் விலை கேட்காதீர்கள். குறைத்துவிடுவார். என்னிடம் கேட்கவும்.”