பூம்பாறைக்கு வந்த பிஷ்கெக்

இடம்: பூம்பாறை. கொடைக்கானல் மலைப்பூண்டு விளையும் ஊர். கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற அம்மாள் திண்ணையில் பூண்டுக் கட்டு கட்டிக்கொண்டிருக்கிறார். நீட் எழுதிய பேத்தி வீட்டுக்குள்ளே. வாசலில் ஒரு வெளிநாட்டுக் கல்வி ஆலோசகர். இந்தக் குளிருக்குக் கோட்டு பொருத்தம்தான். டைதான் கொஞ்சம் அதிகம்.

ஆலோசகர்: வணக்கம்மா! பாப்பா நீட் பாஸாமே. டாக்டர் வீடு எதுன்னு கேட்டேன், இதைத்தான் காட்டுனாங்க.

செவிலியர்: நர்சம்மா வீடுன்னு சொல்லியிருப்பாங்க தம்பி. உங்க காதுல அப்படி விழுந்திருக்கும்.

ஆலோசகர்: ஆறே வருஷம், டாக்டர் வீடாயிரும்! கிர்கிஸ்தான்ல பிஷ்கெக். பிரைவேட் யுனிவர்சிட்டி. மொத்தமே 25 லட்சம். இங்க மேனேஜ்மென்ட் கோட்டான்னா வருஷத்துக்கே 13 லட்சத்தைத் தாண்டுது. குளிரும் மலையும் அப்படியே நம்ம கொடைக்கானல்மா. ஹாஸ்டல்ல சாம்பார், ரசம், ஞாயித்துக்கிழமை பிரியாணி.

செவிலியர்: ரசம் இங்கேயே கிடைக்குது. கூட இருக்குற ஆஸ்பத்திரியில எத்தனை படுக்கை?

ஆலோசகர்: ஏசி கிளாஸ் ரூம்மா! எல்லாம் இங்கிலீஷ் மீடியம்.

செவிலியர்: பாடம் இங்கிலீஷ்ல நடக்கும், சரி. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வர்ற கிழவி கிர்கிஸ்லயோ ரஷ்யன்லயோதானே புலம்பும்? எங்க வலிக்குது, எப்ப இருந்து வலிக்குதுன்னு கேக்க முடியாதவ என்னத்தை வைத்தியம் பழகுவா?

ஆலோசகர்: (பிரோஷரைப் பிரித்து) பாருங்க, உலக சுகாதார நிறுவனமே அங்கீகரிச்ச காலேஜ்.

செவிலியர்: அது எந்தக் காலேஜையும் அங்கீகரிக்கிறது கிடையாது. அதுக்கு அந்த வேலையே இல்ல. உலக மருத்துவக் கல்லூரிகள் பட்டியல்னு ஒண்ணு இருக்கு. அதுல பேர் இருந்தா காலேஜ் இருக்குதுன்னு அர்த்தம். நல்லா இருக்குதான்னு அது சொல்லாது.

ஆலோசகர்: சரிம்மா, நம்ம தேசிய மருத்துவ ஆணையம் அப்ரூவ் பண்ணின...

செவிலியர்: அவங்களும் வெளிநாட்டுக் காலேஜை அப்ரூவ் பண்ணிப் பட்டியல் போடுறதில்ல. 2021 நவம்பர்ல விதிதான் போட்டாங்க. 54 மாசம் படிப்பு, அங்கேயே 12 மாசம் பயிற்சி, இங்கிலீஷ்ல பாடம், அந்த நாட்டுக்காரங்களுக்குக் கிடைக்கிற மாதிரியே அங்க தொழில் பண்ற தகுதி. திரும்பி வந்து இங்க ஒரு பரீட்சை, இன்னொரு 12 மாசப் பயிற்சி. கூட்டிப் பாருங்க. உங்க ஆறு வருஷத்துல இதெல்லாம் எங்க அடங்குது?

ஆலோசகர்: பரீட்சைன்னா எஃப்.எம்.ஜி.இ. ரொம்ப ஈஸிம்மா! 300 கேள்வி, 150 எடுத்தாப் போதும். வருஷத்துக்கு ரெண்டு வாட்டி நடத்துறாங்க.

செவிலியர்: அவ்வளவு ஈஸியான பரீட்சையில 2024 ஜூன்ல 100 பேருக்கு 20 பேர்தானே தேறுனாங்க?

ஆலோசகர்: மத்த 80 பேரைக் கைவிட்டுருவோமா? அவங்களுக்கு மதுரையில நம்ம கோச்சிங் சென்டர் இருக்கு. நம்ம மூலமாப் போனவங்களுக்கு 10 சதவீதம் தள்ளுபடி.

செவிலியர்: வடுகபட்டி கமிஷன் கடைக்காரர் என் பூண்டை வித்துக் கொடுத்துட்டுக் கமிஷன் எடுப்பாரு. விக்காத பூண்டுக்கு டியூஷன் எடுக்கிறேன்னு மறுபடி வந்து நின்னதில்ல. சரி, அந்தக் காலேஜ் உங்களுக்குத் தலைக்கு என்ன தருது?

ஆலோசகர்: நாங்க சேவையாத்தாம்மா பண்றோம். (டையைச் சரிசெய்கிறார்.)

(சேவை என்று சொல்லும்போது டையைத் தொடாத ஆலோசகரை நான் இதுவரை பார்த்ததில்லை.)

செவிலியர்: 2022 பிப்ரவரியில உக்ரைன்ல குண்டு விழுந்தப்ப, பதுங்குகுழியில கிடந்த பிள்ளைங்களுக்கு என்ன சேவை பண்ணினீங்க? விமானம் அனுப்பிக் கூட்டிட்டு வந்தது கவர்மென்ட்டு.

ஆலோசகர்: அது விதிவிலக்கும்மா.

செவிலியர்: கொரோனாவுல சீனா கதவைச் சாத்திருச்சு. உடற்கூறு அறுத்துப் பாக்க வேண்டிய பிள்ளைங்க வீட்டுல உக்காந்து போன்ல பாத்துச்சுங்க.

ஆலோசகர்: அதுவும் விதிவிலக்கு.

செவிலியர்: 2024 மே மாசம் இதே பிஷ்கெக்ல வெளிநாட்டு மாணவர் விடுதிக்குள்ள கும்பல் புகுந்து அடிச்சுது. வெளிய தலை காட்டாதீங்கன்னு நம்ம தூதரகமே சொல்லிச்சு. நாலு வருஷத்துல மூணு விதிவிலக்கு. விதி எப்ப வரும்?

ஆலோசகர்: (குரலை மாற்றி) அம்மா, வேலூர் சிஎம்சியை உண்டாக்குன ஐடா ஸ்கடர் அம்மாவே வெளிநாட்டுத் தனியார் காலேஜ்ல படிச்சவங்கதானே? கடைசிக் காலத்துல இதே கொடைக்கானல்லதான் இருந்தாங்க.

செவிலியர்: அவங்க அமெரிக்கர். கார்னெல் அவங்களுக்கு உள்ளூர்க் காலேஜ் தம்பி. 1899-ல முடிச்சுட்டு இங்க வந்தாங்க. நம்ம பொண்ணுங்க இங்கேயே டாக்டராகட்டும்னு 1918-ல வேலூர்ல மருத்துவப் பள்ளி தொடங்குனாங்க. 1960-ல கொடைக்கானல்ல கண்ணை மூடுற வரைக்கும் யார்கிட்டயும் சீட்டுக்குக் கமிஷன் வாங்கல.

ஆலோசகர்: டாக்டராகலைன்னா வேற என்னம்மா ஆவா? நர்ஸாவா? (நாக்கைக் கடிக்கிறார்.)

செவிலியர்: முழுசாச் சொல்லுங்க, பரவாயில்ல. வெள்ளகவிக்கு இன்னும் ஒழுங்கான ரோடு கிடையாது. பிரசவ வலி கண்டவளை டோலி கட்டித் தூக்கிட்டு வருவாங்க. அப்படி வர்றவளுக்குப் பிரசவம் பாத்த கை இது. உங்க மூலமாப் போய்ப் படிச்ச டாக்டர் அந்த மலைக்கு வருவாரா?

ஆலோசகர்: எப்படிம்மா வருவாரு? 25 லட்சம் கடன் இருக்கே! சிட்டியில பெரிய ஆஸ்பத்திரியா பாத்துச் சேந்தாத்தானே அடைக்க முடியும்?

செவிலியர்: இவ்வளவு நேரத்துல இது ஒண்ணுதான் உண்மை.

ஆலோசகர்: கடனைப் பத்திக் கவலைப்படாதீங்க, பேங்க்ல நானே பேசுறேன். ஏழரை லட்சத்துக்கு மேலன்னா சொத்து ஜாமீன் கேப்பாங்க. பூண்டுக்காட்டுப் பத்திரம் இருக்குல்ல?

செவிலியர்: காலையில இருந்து கண்ணு துடிச்சுது. ஏழரை டை கட்டிக்கிட்டு வரும்னு தெரியல. இன்னொரு ஏழரை இருக்கே, அதை ஏன் சொல்லல?

ஆலோசகர்: எந்த ஏழரை?

செவிலியர்: என் பேத்தி எங்க படிச்சான்னு இதுவரைக்கும் நீங்க கேக்கவே இல்ல. ஆறாம் வகுப்புல இருந்து பிளஸ் டூ வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல். 2020-ல சட்டம் போட்டு ஏழரை சதவீத இடம் ஒதுக்கியிருக்காங்க. அதுல கிடைச்சா ஃபீஸும் கவர்மென்ட்டே கட்டும். திண்டுக்கல்லயே 2022-ல மெடிக்கல் காலேஜ் வந்தாச்சு. முதல்ல கவுன்சிலிங் முடியட்டும்.

ஆலோசகர்: அது வரைக்கும் பிஷ்கெக் சீட்டு நிக்காதும்மா. இன்னைக்கு 50,000 கட்டினா பிளாக் பண்ணிரலாம்.

செவிலியர்: கட்டுறேன். உங்க லெட்டர்பேட்ல எழுதிக் கொடுங்க. 54 மாசம், 12 மாசப் பயிற்சி, பாடமொழி, அந்த நாட்டு லைசென்ஸ். கீழ கையெழுத்து, சீல். இதுல ஒண்ணு இல்லைன்னாலும் பணம் திரும்பன்னும் ஒரு வரி.

ஆலோசகர்: ஆபீஸ்ல கேட்டு மெயில் போடச் சொல்றேன்மா. மன்னவனூர்ல ரெண்டு வீடு பாக்க வேண்டியிருக்கு, வர்றேன்.

மன்னவனூர்க்காரர்களே, அவர் வந்துகொண்டிருக்கிறார். அந்த நாலையும் எழுத்தில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பிள்ளை அரசுப் பள்ளியில் படித்ததா என்று அவர் கேட்கமாட்டார். நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.