‘அஞ்சு நிமிஷம்’ என்னும் கால அளவை: திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

காவிரியின் இரு கரையிலும் வழங்கும் கால அளவைகளில் அதிகமாகப் புழங்குவதும், யாரும் அளந்து பார்க்காததும் ‘அஞ்சு நிமிஷம்’தான். மற்றவற்றுக்கெல்லாம் கணக்கு இருக்கிறது. நாழிகை என்றால் 24 நிமிடம். அறுபது நாழிகை ஒரு நாள். முகூர்த்தம் இரண்டு நாழிகை. ராகு காலம் மூன்றேமுக்கால் நாழிகை, அதாவது ஒன்றரை மணி. அதற்குமேல் அது யாரையும் வாசலில் பிடித்து வைப்பதில்லை. ஆனால் சாயங்காலம் ஆறரை மணிக்குக் காற்றுப் போன பந்தை இடுக்கிக்கொண்டு நிற்கும் நாலு வயதுப் பிள்ளையிடம் அப்பா சொல்கிற ‘அஞ்சு நிமிஷம் கண்ணு’ எத்தனை நாழிகை என்பதற்கு, ஸ்ரீரங்கம் கோயில் வாக்கியப் பஞ்சாங்கத்தை முன்னும் பின்னும் புரட்டினாலும் விடை கிடைக்காது. அது கால அளவே இல்லை, வெறும் பேச்சு வழக்கு என்று தள்ளிவிடுவோர் உண்டு. அவர்கள் சொல்வது பாதி சரி. பெரியவர்கள் சொல்லும்போது அது கால அளவு இல்லை. குழந்தை கேட்கும்போது அது செகண்டு பிசகாத கால அளவு. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் வேலை.

முதலில் சொல். நிமிஷம் என்பது வடமொழியில் கண் இமைப்பு. இமைக்கும் நேரத்தையும் விரல் நொடிக்கும் நேரத்தையும் தொல்காப்பியர் ஒரு மாத்திரை என்றார். ஆக, சொற்பொருள்படி பார்த்தால் ஐந்து நிமிஷம் என்பது ஐந்து இமைப்பு. ஒரு நெடிலும் மூன்று குறிலும் சொல்லி முடிக்கிற நேரம். பிள்ளை வாய் திறந்து ‘அப்பா, வா’ என்பதற்குள் ஏறக்குறைய தீர்ந்துவிடும். அந்த ஐந்து இமைப்பு முடிந்ததும் பிள்ளை மறுபடி வந்து சட்டையைப் பிடித்து இழுத்தால் அதை அடம் என்று சொல்வது மொழியறிவுக் குறைவு. அது வேர்ச்சொல்லை மதிக்கிறது. உத்தர வீதிப் பக்கம் இதையே ‘செத்த இருடா கொழந்தே’ என்பார்கள். ‘சற்று’ என்பதுதான் அப்படித் தேய்ந்து ‘செத்த’ ஆனது. சொல் தேயத் தேய நேரம் வளர்ந்துகொண்டே வந்திருப்பது மொழிநூலார் கவனிக்க வேண்டிய ஒன்று.

இனி வினைமுற்று. ‘அஞ்சு நிமிஷம்’ தனியாக வருவது அபூர்வம். ‘தோ வந்துட்டேன்’ அதன் உடன்பிறப்பு. வருவதற்கு முன்பே ‘வந்துட்டேன்’ என்று இறந்த காலத்தில் சொல்வது பொய் அல்லவா என்று பிள்ளைகள் தரப்பில் கேட்கலாம். பெற்றோர் தரப்பு இங்கே நன்னூலைத் துணைக்கு அழைக்கும். விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய நான்கு காரணங்களால் ஒரு காலம் இன்னொரு காலமாக மயங்கி வரலாம் என்று பவணந்தி முனிவர் அனுமதி கொடுத்திருக்கிறார். இலையில் சோறு மிச்சமிருக்கும்போதே, வாசலில் காத்திருக்கும் தோழனுக்கு ‘உண்டேன், வந்தேன்’ என்று குரல் கொடுப்பவனை உரைகாரர்கள் விரைவுக்கு உதாரணம் காட்டுவார்கள். அப்பாவும் அதைத்தானே செய்கிறார்? இல்லை. உதாரணத்தில் வருகிறவன் கை அவசரம் அவசரமாகச் சோற்றை அள்ளிக்கொண்டிருக்கிறது. நம் ஆளின் கட்டைவிரல் போன் திரையில் மெள்ள மேலே நகர்ந்துகொண்டிருக்கிறது. விரைவு இல்லாத இடத்தில் வழுவமைதி கிடையாது, வழுதான். தெளிவு என்ற காரணமும் பிள்ளைக்கே சாதகம். எறும்பு முட்டையைக் கவ்விக்கொண்டு மேடேறுவதைப் பார்த்து ‘மழை பெய்தது’ என்று முன்கூட்டியே சொல்லலாம் என்பது மரபு. அப்பா சார்ஜரைத் தேடி எடுத்துக்கொண்டு சோபாவுக்குப் போவதைப் பார்க்கிற பிள்ளைக்கும் அப்படி ஒரு தெளிவு பிறக்கத்தான் செய்கிறது.

வட்டாரச் சான்று ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். திருச்சியில் வேலை, ஸ்ரீரங்கத்தில் வீடு என்று இருப்பவர்களின் ‘அஞ்சு நிமிஷம்’ பெரும்பாலும் போன் வழியாக வரும். அதற்கு முன்னொட்டாக ‘பாலத்துல வந்துட்டிருக்கேன்’ என்று ஒரு வாக்கியம் இருக்கும். சிந்தாமணியையும் மாம்பழச்சாலையையும் இணைக்கும் காவிரிப் பாலம் 1976இல் திறக்கப்பட்டது. அன்றிலிருந்து அது போக்குவரத்தைத் தாங்கியதைவிட இந்த வாக்கியத்தைத் தாங்கியதுதான் அதிகம். அந்த வாக்கியத்தில் உள்ள பாலம் தில்லைநகரிலும் இருக்கும், மெயின்கார்டுகேட்டிலும் இருக்கும், டீக்கடை பெஞ்சிலும் இருக்கும். பழுதுபார்ப்புக்காகப் பாலத்தை 2022 நவம்பரில் மூடி 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். வண்டிகள் ஓயாமரி பக்கம் சுற்றிப் புறவழிச்சாலைப் பாலத்தில் போக வேண்டியிருந்தது. பாலம் நிஜமாகவே மூடிக்கிடந்த அந்தச் சில மாதங்கள் இத்துறைக்குக் கிடைத்த அரிய ஆய்வுக்கூடம். ‘பாலத்துல இருக்கேன்’ என்றால் வீட்டிலுள்ள நாலு வயதும் நம்பாது. ‘சுத்தி வர்றேன்’ என்பது அதன் இடத்தைப் பிடித்தது. காரணம் மாறியது, அஞ்சு நிமிஷம் மாறவில்லை. தாமதத்துக்கும் பாலத்துக்கும் காரணகாரியத் தொடர்பு இல்லை என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

கணிதம் தெரிந்த ஒருவர் இங்கே குறுக்கிட்டு ஒரு மறுப்பை வைக்கலாம், வலுவான மறுப்புதான். இந்திய நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. திருச்சி ஏறத்தாழ 78.7 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு நாலு நிமிடம் வீதம், நம் ஊர்ச் சூரியன் கடிகாரத்துக்குக் கால் மணி நேரம் பிந்தித்தான் உச்சிக்கு வருகிறது. 1906இல் பொது நேரம் நடப்புக்கு வந்ததிலிருந்து மலைக்கோட்டை இந்தக் கால் மணி நேரக் கடனைச் சுமந்துகொண்டுதான் நிற்கிறது. ஆகவே அஞ்சு நிமிஷம் என்று சொன்னவர் இருபது நிமிடம் கழித்து வந்தால், அதில் பதினைந்து பூகோளத்தின் குற்றம், அவர் குற்றமில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் புறப்படும் நேரத்தைக் கடிகாரத்திலும் வந்து சேரும் நேரத்தைச் சூரியனிலும் பார்த்தால்தான் இந்தத் தள்ளுபடி கிடைக்கும். இரண்டையும் ஒரே கடிகாரத்தில் பார்த்தால் கால் மணி தானே அடிபட்டுப் போகும். மேலும், இதே தீர்க்கரேகையில் நின்றுகொண்டுதான் இந்த ஊர் ஆட்கள் ரயிலைத் தவறவிடாமல் பிடிக்கிறார்கள்.

அடுத்த மறுப்பு நேரமே இல்லை என்பது. வேலை, அலைச்சல், சமையல், மாமியார் மாத்திரை, கரண்ட் பில் என்று பட்டியல் நீளும். இதைச் சிரித்து ஒதுக்க முடியாது; இதில் உண்மை இருக்கிறது, எல்லார் தலையிலும் சமமாக இல்லை என்பதைத் தவிர. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஆறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் வீட்டாரைப் பராமரிக்கும் வேலையில் ஒரு நாளில் ஈடுபட்ட பெண்கள் நூற்றுக்கு 27.6 பேர், ஆண்கள் 14 பேர். அப்படி ஈடுபட்டவர்கள் செலவிட்டது பெண் சராசரியாக 134 நிமிடம், ஆண் 76 நிமிடம். சமையல், துப்புரவு போன்ற வீட்டு வேலை இதில் சேராது; அதற்குத் தனிக் கணக்கு: பெண்ணுக்கு 299, ஆணுக்கு 97. ஆகவே அம்மாவின் ‘அஞ்சு நிமிஷம்’ அடுப்பில் இருக்கும் பாலுக்குச் சொன்ன வாக்கை ஒட்டியது. அப்பாவின் ‘அஞ்சு நிமிஷ’த்துக்கு அப்படி ஒரு பால் எப்போதும் இருப்பதில்லை. இந்தக் கணக்கெடுப்பின் முறையில்தான் நமக்கு வேண்டிய நுணுக்கம் இருக்கிறது. விடியற்காலை நாலு மணியிலிருந்து மறுநாள் நாலு மணிவரை நாளை அரைமணித் துண்டுகளாக நறுக்கிக் கேட்டார்கள். ஒரு துண்டுக்குள் பல வேலை நடந்திருந்தால் பத்து நிமிடமாவது நீடித்ததைத்தான் குறித்துக்கொண்டார்கள். குறை சொல்லவில்லை, வலை என்றால் கண் இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்தக் கண் வழியாக நழுவிப்போகிற மீன் எது என்று பாருங்கள்: ஐந்து நிமிடம். வேலைகளுக்கு நடுவே பிள்ளையோடு குனிந்து உட்கார்ந்த ஐந்து நிமிடமும், உட்காராமல் போன ஐந்து நிமிடமும் அரசாங்கத்தின் கண்ணுக்கு ஒன்றுதான்.

அந்தக் காலக் கூட்டுக் குடும்பத்தில் இந்தப் பிரச்சினையே கிடையாது என்று பழமை விரும்பிகள் சொல்வார்கள். அன்றும் அப்பாக்கள் வந்துவிடவில்லை. திண்ணையில் தாத்தா இருந்தார், அவ்வளவுதான். இடத்துக்கு ஆள் கிடைத்ததைத் தாமதம் தீர்ந்ததாகக் கொள்ளக் கூடாது. இந்த ஊரின் ஆகப் பழைய கதையே ஆள் மாற்றிய கதைதான். செட்டிப் பெண் ரத்னாவதிக்குப் பிரசவ வலி கண்டது. பூம்புகாரிலிருந்து வந்த தாய், காவிரி வெள்ளத்தால் அக்கரையிலேயே நின்றுவிட்டாள். மலைக்கோட்டைச் சிவன் அந்தத் தாயின் உருவத்தில் வந்து பிள்ளைப்பேறு பார்த்து, வெள்ளம் வடியும்வரை உடனிருந்து, தாயுமானவர் என்று பேர் வாங்கினார். சுகப் பிரசவமானவர்கள் இன்றும் அவருக்கு வாழைத்தார் கொண்டுபோகிறார்கள். எதிர்த்தரப்பு இதிலும் ஒரு வாதம் எடுக்கும்: பெற்ற தாய்க்கே தாமதமானதே? ஆனது; ஆனால் வெள்ளம் நிஜமான வெள்ளம், அவள் அக்கரையிலிருந்து ‘அஞ்சு நிமிஷம்’ என்று கத்தியதாகத் தலபுராணத்தில் இல்லை. இக்கரையில் வந்தவரோ ஆக்கல், அழித்தல் உட்பட ஐந்து தொழிலையும் கையில் வைத்திருப்பவர். அவருக்கே நேரம் இருந்திருக்கிறது.

இனி வழக்கின் மறுபக்கம். குழந்தை கேட்பதுதான் என்ன? ஸ்ரீரங்கத்தில் மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய் ரயில் காட்டச் சொல்லும். இருபத்திரண்டு பெட்டி, பெட்டிக்கு இருபத்துமூன்றரை மீட்டர், இன்ஜினையும் சேர்த்து 540 மீட்டர் என்று வைப்போம். மணிக்கு அறுபது கிலோமீட்டரில் போனால் அரை நிமிடத்துக்குச் சற்று மேல். கத்திக்கப்பல் செய்யச் சொல்லும்: காகிதம் கிடைத்துவிட்டால் ஒன்றரை நிமிடம். உப்பு மூட்டை தூக்கச் சொல்லும்: பதினைந்து கிலோ மூட்டை, நாற்பது வயது முதுகு, மூன்றாவது நிமிடத்தில் முதுகே இறக்கிவிடும். இவ்வூருக்கே உரிய பெரிய கோரிக்கை யானை. அப்பா நாலு காலில் நிற்க வேண்டும், தலையைத் தாழ்த்த வேண்டும், துதிக்கையாக ஒரு கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்ய வேண்டும். தூக்கும்போது மீதி மூன்று காலில் நிற்கிற வித்தையை யாரும் அவருக்குக் கற்றுத் தந்ததில்லை. ஹாலிலிருந்து புறப்பாடு, டிவி ஸ்டாண்டை வலம் வந்து பிரிட்ஜ் வாசலில் திருவந்திக்காப்பு, பிறகு பாய்மேல் ஆஸ்தானம் சேர்வது என்று வைத்துக்கொண்டால் மொத்தம் நாலு நிமிடம். டைல்ஸ் தரையில் முழங்கால் அதற்குமேல் சம்மதிக்காது. பெருமாள் புறப்பாட்டுக்குக் கோயிலில் மணி, நிமிடம் குறித்து நிகழ்ச்சி நிரல் அச்சடித்துத் தருகிறார்கள், ஊரே அதன்படி எழுந்து குளித்துப் போய் நிற்கிறது. இந்தப் புறப்பாட்டுக்கு நிரல் இல்லை என்பதைத் தவிர வேறு வித்தியாசம் தெரியவில்லை. எப்படிக் கூட்டினாலும் குழந்தை கேட்கும் எதுவும் ஐந்து நிமிடத்தைத் தாண்டுவதில்லை. வீட்டில் அந்தச் சொல்லை அளவு பிசகாமல் புழங்குகிறவர் அவர் ஒருவரே.

‘இன்னொரு தடவை’யை மறந்துவிட்டீரே என்று அனுபவசாலிகள் கேட்பார்கள். யானை ஒரு சுற்றோடு நிற்காது, ‘இன்னொரு தடவை’ வரும், அதற்கு இன்னொரு தடவை, ஐந்து ஐம்பதாகும், அந்தப் பயத்தில்தான் முதல் ஐந்தையே தள்ளிப் போடுகிறோம் என்பது அவர்கள் வாதம். இருக்கிற மறுப்புகளில் இது ஒன்றுதான் மரியாதைக்குரியது. இதற்குப் பதில் தமிழ் இலக்கியம் முன்பே எழுதி வைத்திருக்கிறது. பிள்ளைத்தமிழில் பத்துப் பருவம், பருவத்துக்குப் பத்துப் பாட்டு. இதில் வருகைப் பருவம் பதின்மூன்றாம் மாதத்துக்கு உரியது என்பது மரபு. தளர்நடை போடும் பிள்ளையைப் பெரியவர்கள் ‘வா, வா’ என்று பத்துப் பாட்டு முழுக்கக் கெஞ்சுவார்கள், காக்க வைப்பது பிள்ளை. திருச்சிக்குப் பக்கத்து அதவத்தூரில் 1815இல் பிறந்து, சேக்கிழார் பிள்ளைத்தமிழ் உட்படப் பல பிள்ளைத்தமிழ் பாடிய மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் இந்தப் பத்தைக் குறைக்கவில்லை. ‘இன்னொரு தடவை’க்கு உச்சவரம்பு பத்து என்று புலவர்கள் பேசி முடித்துவிட்டார்கள் என்றே இதற்குப் பொருள். இனி நேரக் கணக்கு. அடிக்குப் பதினான்கு சீர் உள்ள ஆசிரிய விருத்தமாக எடுத்துக்கொண்டால் நாலடிக்கு 56 சீர். செகண்டுக்கு இரண்டு சீர் வீதம் சொன்னால் ஒரு பாட்டுக்கு 28 செகண்டு. பத்துப் பாட்டுக்கு 280. அதாவது நாலு நிமிடம் நாற்பது செகண்டு. மிச்சம் இருபது செகண்டு, பாடுகிறவர் மூச்சு வாங்கவும், யானை எழுந்து நின்று முட்டியைத் தேய்த்துக்கொள்ளவும்.