கவிதைக்கு 18 சாட்சிகள்

கே: கவிதைப் புத்தகம் போட ஒரு பெண்ணுக்குச் சாட்சி தேவைப்பட்டதுண்டா?

ப: ஒருவரல்ல, 18 பேர்! ஃபிலிஸ் வீட்லி, ஏழெட்டு வயதில், 1761இல் அடிமைக் கப்பலில் பாஸ்டன் வந்திறங்கிய ஆப்பிரிக்கச் சிறுமி. கப்பலின் பெயரையே அவருக்குச் சூட்டினார்கள். வளர்ந்து கவிதை எழுதினார். ஊர் நம்பவில்லை. 'இவர் எழுதியதுதான்' என்று கவர்னர் முதல் ஜான் ஹான்காக் வரை 18 பெரிய மனிதர்கள் கையெழுத்துப் போட்டார்கள். நூலை அச்சிடப் பாஸ்டனில் சந்தா சேரவில்லை. 1773இல் லண்டனில்தான் நூல் அச்சேறியது. ஆங்கிலக் கவி மில்டனிடம் யாரும் கேட்காத சர்டிபிகேட்!

கே: அதற்குப் பிறகாவது மதித்தார்களா?

ப: அவருடைய கவிதைகள் விமர்சிக்கக்கூடத் தகுதியற்றவை என்று தள்ளினார் தாமஸ் ஜெஃபர்சன். மனிதர் யாவரும் சமம் என்று அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் எழுதியவர். வீட்டிலும் தோட்டத்திலும் நூற்றுக்கணக்கில் அடிமைகள். வீட்லியின் கவிதையைவிட அவருடைய கணக்குதான் உதைக்கிறது.

கே: கறுப்பின ஆண்களுக்கும் இதே பாடுதானே?

ப: பாதிப் பாடு. அடிமைத்தளையிலிருந்து தப்பிய ஃபிரடெரிக் டக்ளஸின் 1845 சுயசரிதையும் வெள்ளையரின் முன்னுரையோடுதான் வந்தது. ஆனால் எசமானை எதிர்த்து அடித்ததை ஆண் எழுதினால் வீரம். எசமான் தந்த பாலியல் தொல்லையைப் பெண் எழுதினால், மானம் போவது அவளுக்கு.

கே: அதனால்தான் ஹாரியட் ஜேக்கப்ஸ் புனைபெயரில் எழுதினாரா?

ப: ஆமாம், 'லிண்டா ப்ரென்ட்' என்று, 1861இல். எசமானிடமிருந்து தப்பி, வட கரோலினாவில் பாட்டி வீட்டுக் கொட்டகையின் கூரைக்கடியில் ஏறக்குறைய 7 வருடம் பதுங்கியிருந்தவர். நீளம் 9 அடி, அகலம் 7 அடி, உயரம் மிஞ்சிப்போனால் 3 அடி. நிமிர்ந்து நிற்க வழியில்லை. வெயிலில் கூரை கொதிக்கும், குளிரில் கால் மரத்துப்போகும். பலகையில் துளை போட்டு, தெருவில் போகும் தன் பிள்ளைகளைப் பார்ப்பார், கூப்பிட முடியாது.

அந்தப் பொந்துக்குள்ளிருந்தே எசமானுக்குக் கடிதம் எழுதி, நியூயார்க்கிலிருந்து தபாலில் சேரும்படி செய்தார். ஆசாமி வடக்கே தேட, இவர் தலைக்கு மேலே! இவ்வளவு எழுதியும், 'பதிப்பித்த வெள்ளைக்கார அம்மையார் புனைந்த நாவல்' என்றே அறிஞர்கள் பலர் நினைத்தார்கள். 1980களில் ஜீன் ஃபேகன் யெலின் பழைய கடிதங்களைத் தோண்டியெடுத்து நிரூபிக்கும்வரை ஜேக்கப்ஸுக்குத் தம் புத்தகமே சொந்தமில்லை.

கே: கறுப்பினப் பேச்சாளர் சோஜர்னர் ட்ரூத்தின் புகழ்பெற்ற பெண்ணுரிமைப் பேச்சு அவர் பேசியதேதானா?

ப: பேசினார், 1851இல், ஒஹாயோவில். ஊரெல்லாம் ஒப்பிக்கும் வடிவம் 12 வருடம் கழித்து ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி எழுதியது, அதுவும் தெற்கத்திக் கொச்சையில். ட்ரூத் பிறந்தது நியூயார்க் மாநிலத்தில். முதலில் பேசிய மொழி டச்சு. பேச்சு நடந்த அடுத்த மாதமே பத்திரிகையில் வந்த வடிவம் இருக்கிறது. அதைத் தேடிப் படியுங்கள், கொச்சையில்லாமலே சுடுகிறது.

கே: வெள்ளைக்காரப் பெண்கள் தோள் கொடுத்தார்களா?

ப: சிலர். மற்றவர்கள் வரிசையில் இடம்கூடத் தரவில்லை. 1913, வாஷிங்டனில் பெண் ஓட்டுரிமை ஊர்வலம். இலினாய் அணியோடு வந்த பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸிடம், 'கறுப்பினப் பெண்களெல்லாம் கடைசியில் வாருங்கள்' என்றார்கள். கூட்டத்தோடு நின்றவர், தம் அணி வந்ததும் நடுவில் நுழைந்து நடந்தார்.

பெண்கள் பெட்டியிலிருந்து தம்மை இழுத்த ரயில்வே கண்டக்டரின் கையைக் கடித்தவர் அவர். கடைசி வரிசைக்கா போவார்?