துப்பாக்கிக்குக் குடியுரிமை வாங்கித் தருவது எப்படி?

அமெரிக்காவில் சொந்தமாக ஒரு கராஜ், அதில் காரை நிறுத்த முடியாதபடி சாமான்கள், கேள்வி கேட்டு ஓய்ந்துபோன குடும்பம்: இவை மூன்றும் உள்ளவர்கள் மட்டும் மேலே படிக்கலாம். பழைய ராணுவ ரைஃபிளைப் பாகம் பாகமாக வாங்கி முழுசாக்கும் கலைக்கு வேறு தகுதி தேவையில்லை.

1. கிட் வாங்குங்கள். ஃபால் ரைஃபிளில் தொடங்குவது உத்தமம். பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனத்துக்காக தியூதொன்னே சேவ் வடிவமைத்தது. 90க்கும் மேற்பட்ட நாடுகளின் படைகள் சுமந்தது. அவை கழித்துக் கட்டியதெல்லாம் ‘பார்ட்ஸ் கிட்’ என்ற பெயரில் கப்பலேறியது. பெட்டியில் எல்லாம் இருக்கும், துப்பாக்கி மட்டும் இருக்காது. 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி ரிசீவர் என்கிற நடுக்கூடுதான் துப்பாக்கி. மற்றதெல்லாம் வெறும் இரும்புச் சாமான். அதனால் ரிசீவரைத் தீயால் அறுத்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். அறுபட்ட துண்டும் கூடவே வந்தால் காகிதம் பறக்காமல் மேலே வையுங்கள். ஒட்டவைக்கும் யோசனை வந்தால், முதலில் வக்கீலைப் பிடியுங்கள்.

2. குலம் கோத்திரம் விசாரியுங்கள். ஃபாலில் இரண்டு வம்சம். பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா நாடுகளில் செய்தவை அங்குலக் கணக்கு. ஆஸ்திரியாவும் பிரேசிலும் செய்தவை மெட்ரிக் கணக்கு. இரண்டுக்கும் சம்பந்தம் ஒத்துவராது. அங்குல வீட்டு மேகசின் மெட்ரிக் வீட்டு வாசலில் நுழையவே நுழையாது. நம் இந்தியாவின் இஷாப்பூர் தொழிற்சாலை மட்டும் இரு வீட்டிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து 1ஏ1 என்று ஒன்றைச் செய்து, யாருக்கும் முழு உறவில்லாத பிள்ளையாக்கியது. நீங்கள் மலிவாகக் கிடைக்கிறதென்று இரண்டையும் கலந்து வாங்குவீர்கள். எல்லாரும் அப்படித்தான்.

3. கழுவுங்கள். பழைய கிரீஸ் போகும்வரை. பாகத்திலிருந்து போகும், கதவுப் பிடியிலிருந்து போகாது.

4. எண்ணுங்கள். இதுதான் கலையின் உச்சம். இறக்குமதிக்குத் தகுதியில்லாத வகை ரைஃபிளை, இறக்குமதிப் பாகங்களை வைத்து உள்ளூரிலேயே பூட்டிவிடக் கூடாது என்பதற்காக ஒரு விதி உண்டு. அரசு 20 பாகங்களைப் பட்டியல் போட்டிருக்கிறது. அவற்றில் 10க்கு மேல் வெளிநாட்டுச் சரக்காக இருக்கக் கூடாது. 11 இருந்தால் குற்றம். ஸ்பிரிங்குக்கும் திருகாணிக்கும் நாடு கிடையாது. எங்கே பிறந்தாலும் கவலையில்லை. ஆனால் கைப்பிடிக்கு உண்டு. மேகசினுக்கோ மூன்று: கூடு ஒன்று, உள்ளே தோட்டாவைத் தூக்கும் தகடு ஒன்று, அடித்தட்டு ஒன்று. அதாவது சட்டத்துக்கு உட்பட்ட ரைஃபிளில் பழைய வெளிநாட்டு மேகசினைச் செருகினால் கணக்கு ஒரே நொடியில் மூன்று ஏறும். அமெரிக்க பிளாஸ்டிக் கைப்பிடி ஒன்றை மாட்டினால் ஒன்று இறங்கும். நாட்டின் பாதுகாப்பு அந்தக் கைப்பிடியில் இருக்கிறது, பத்திரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். குழலைப் பற்றி நீங்கள் குழம்ப வேண்டாம். இந்த வகைக் குழல்களின் இறக்குமதியை, துப்பாக்கிகளைக் கவனிக்கும் அரசுத் துறையான ஏ.டி.எஃப். 2005இல் நிறுத்திவிட்டது; அதையும் உள்ளூரில்தான் வாங்குவீர்கள்.

5. மற்றவரிடம் கொடுங்கள். புது ரிசீவரை உரிமம் பெற்ற வியாபாரியிடம் 4473 படிவம் நிரப்பி வாங்கி, மொத்த மூட்டையையும் தொழில் தெரிந்த துப்பாக்கிக் கம்மியரிடம் ஒப்படையுங்கள். தோட்டா உட்காரும் இடத்தின் அளவு பிசகினால் வெடிப்பது உங்கள் முகத்துக்கு எதிரில். ‘நானே செய்தேன்’ என்று சொல்லிக்கொள்ள இது எந்த விதத்திலும் தடையாகாது.

6. கணக்கு எழுதாதீர்கள். கிட், ரிசீவர், குழல், உள்ளூர்ப் பாகங்கள், கம்மியர் கூலி எல்லாவற்றையும் கூட்டினால், அமெரிக்காவிலேயே புதிதாகச் செய்து விற்கும் முழு ஃபாலின் விலையைத் தொட்டுவிடும். கூட்டாதவரை இது சிக்கனம்.

7. மிச்சத்தை எறியாதீர்கள். உள்ளூர்ப் பாகங்களுக்கு இடம்விட்டு வெளியேறிய விசை, சுத்தியல், கைப்பிடி எல்லாம் டப்பாவில் கிடக்கும். ஒன்றுகூடப் பழுதில்லை. இன்னொரு ரைஃபிளுக்குப் பாதிச் சாமான் கையிலேயே இருக்கிறது என்று உங்களுக்கே தோன்றும். மீதிப் பாதியைத் தனித்தனியாகத் தேட உங்களுக்குப் பொறுமை இருக்காது. முழு கிட்டாகத்தான் வாங்கத் தோன்றும். வாங்குங்கள். எப்படி என்பதை முதல் படியில் சொல்லியிருக்கிறேன்.