டாங்கிக்கு ரோஸ் பெயின்ட்

1945 மே மாதம் பிராக் நகரத்துக்குள் சோவியத் படை நுழைந்தது. நாஜிகள் ஒழிந்த நன்றிக்கு, ஸ்மீகோவ் பகுதியில் ஒரு டாங்கியைப் பீடத்தில் ஏற்றி, ஊருக்குள் முதலில் வந்தது இதுதான் என்று கதை கட்டினார்கள். முதலில் வந்ததாகச் சொல்லப்படுவது டி-34 ரகம், எண் 24. பீடம் ஏறியதோ அதைவிடத் தடியான ஐஎஸ்-2, எண் 23. மூலவரை விட்டுவிட்டு, ஆகிருதியாக இருக்கிறதே என்று வாகன மண்டபத்துக் குதிரையைக் கருவறையில் வைத்த மாதிரி.

1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் மறுபடி வந்தன. இந்த முறை யாரையும் மீட்க அல்ல. கொஞ்சம் வாய்திறந்து பேச ஆரம்பித்திருந்த செக்கோஸ்லோவாகியாவின் வாயை மூட. வந்த விருந்தாளிகள் கிளம்பும் வழியாக இல்லை.

1989இல் கம்யூனிஸ்ட் ஆட்சி போயிற்று. எழுத்தாளர் ஹாவல் ஜனாதிபதியானார். டாங்கி அசையவில்லை. 1991 ஏப்ரல் 28 அன்று, டேவிட் செர்னி என்ற கலைக் கல்லூரி மாணவர் நண்பர்களோடு பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். படையெடுப்பின்போது அவர் எட்டு மாதக் குழந்தை. இப்போது டாங்கியின் எண்ணே அவர் வயது. விடிந்து பார்த்தால் டாங்கி முழுக்க ரோஸ். உச்சியில் பெரிதாக ஒரு நடுவிரல். பொழிப்புரை யாருக்கும் தேவைப்படவில்லை.

மாஸ்கோ கொதித்தது. செக்கோஸ்லோவாக் ராணுவம் பச்சை பெயின்டோடு ஓடி வந்தது. செர்னி கைதானார். குற்றச்சாட்டுதான் விசேஷம்: பொது இடத்தில் ரகளை. 1976இல் 'பிளாஸ்டிக் பீப்பிள்' ராக் குழுவினரைப் பழைய அரசு உள்ளே தள்ளியதும் இதைச் சொல்லித்தான். அந்த வழக்கின் சூட்டில்தான் ஹாவலும் கூட்டாளிகளும் 'சாசனம் 77' என்ற மனித உரிமை அறிக்கையை எழுதினார்கள். இப்போது ஹாவல் ஜனாதிபதியின் இருப்பிடமான கோட்டைக்குக் குடிவந்துவிட்டார். சட்டம் மட்டும் பழைய இடத்திலேயே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது.

கைதைக் கண்டித்து மே மாதம் எம்.பி.க்கள் 15 பேர் பிரஷோடு கிளம்பிப் போய்த் திரும்பவும் ரோஸ் அடித்தார்கள். அவர்களைத் தொட முடியாது, நாடாளுமன்றச் சிறப்புரிமை! அதை இத்தனை உருப்படியாகப் பயன்படுத்திய உறுப்பினர்களை வேறெந்த நாட்டிலும் நான் கேள்விப்பட்டதில்லை.

செர்னி மீதான வழக்கு கைவிடப்பட்டது. ஜூனில் டாங்கியைப் பீடத்திலிருந்து இறக்கினார்கள். அதே மாதம் கடைசி சோவியத் சிப்பாயும் நாட்டைவிட்டுப் போனார். டாங்கி இப்போது லெஷானி ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நிறம் ரோஸ்தான், பராமரிப்பது பாதுகாப்பு அமைச்சகம்.