பல்புக்குப் பசி

கேள்வி: என் 350 சிசி புல்லட்டில் நண்பர்களோடு வால்பாறை போகிறேன். ராத்திரியில் ஹெட்லைட் மங்கலாக எரிகிறது. 100 வாட்ஸ் பல்பு போட்டுவிடலாமா?

பதில்: போடலாம், வெளிச்சத்துக்கு முன்னால் புகை வரும்! 60 வாட்ஸ் பல்பு 5 ஆம்பியர் இழுக்கும். 100 வாட்ஸ் என்றால் 8-க்கும் மேல். அதை வண்டியின் ஒயர் தாங்காது. ஹோல்டர் பழுப்பேறி உருகி, பல்பின் காலோடு ஒட்டிக்கொண்டதை என் வண்டியிலேயே கழற்றியிருக்கிறேன்.

உங்கள் பல்பு நோஞ்சான் இல்லை, பசியோடு இருக்கிறது. வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தாலே ஹாலோஜன் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். பாட்டரியிலிருந்து ஃபியூஸோடு தனி ஒயர் இழுத்து, நடுவில் ஒரு ரிலே வையுங்கள். பழைய சுவிட்ச் ரிலேயை எழுப்பிவிட்டால் போதும். கரண்ட் நேராகப் பல்புக்குப் போகும்.

ஹாலோஜன் ரிஃப்ளெக்டருக்குள் எல்இடி பல்பைத் திணிக்காதீர்கள். ஒளி சிதறி, எதிரே இறங்கும் பஸ் டிரைவரின் கண்ணில்தான் அடிக்கும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள்; அவருக்குக் கண் தெரிந்தால்தான் உங்களுக்கு வழி. இன்னும் வெளிச்சம் வேண்டுமா? தனியாக 2 சின்ன எல்இடி விளக்குகள், தாழ்த்தி, தனி சுவிட்சோடு.

மலைப் பயணம் என்பதால் செயினையும் கவனியுங்கள்; 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் காட்டுங்கள். ஓடி வந்த சூட்டோடு, உட்பக்கமாக விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். பிரேக் பேடையும் பார்த்துவிடுங்கள், இறங்கும்போது முழு பாரமும் அதன் தலையில்தான். எல்லாவற்றுக்கும் முன்னால், ஈரத்துணியால் ஹெட்லைட் கண்ணாடியைத் துடையுங்கள். காய்ந்த பூச்சிகளே பாதி வெளிச்சத்தைத் தின்றுகொண்டிருக்கும்.