முள் காட்டாத கணக்கு

எங்கள் காரைக்காலில் குடிக்க இடம் தேடி யாரும் அலைந்ததாகச் சரித்திரம் இல்லை. 1974இல் தமிழ்நாடு சாராயக் கடைகளை மறுபடி மூடியபோது நாகூர்ப் பக்கத்து ஜனம் வாஞ்சூர் எல்லையைத் தாண்டி இங்கே வந்தது. வந்தவர்கள் கேட்டது பிராந்தியும் சாராயமும். விற்றதென்னவோ எங்கள் சோடாவும் சேர்த்துத்தான். அப்பா ஒரு சொட்டு தொடமாட்டார். அடுத்தவர்கள் மட்டும் குறைவில்லாமல் குடிக்க வேண்டும் என்று மனதார நினைத்தவர்.

சோடா கம்பெனி என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். கீற்றுக் கொட்டகை, தண்ணீர்த் தொட்டி, கையால் சுற்றும் மிஷின், ஆள் உயரத்துக்குக் கேஸ் சிலிண்டர். அதன் தலையில் ஒரு பித்தளை ரெகுலேட்டர். அதை யாரும் ‘தேர்ந்தெடுக்க’வில்லை. எங்கிருந்தோ வந்தது, மாட்டினார்கள், இருந்தது. இரண்டு மீட்டரில் ஒன்றுக்குக் கண்ணாடி இல்லை. முள் எந்நேரமும் ஒரே இடத்தில் நிற்கும். அப்பா அதைப் பார்க்கவும் மாட்டார். கோலி மேலே ஏறி ரப்பர் வளையத்தில் ‘டப்’பென்று உட்காரும் சத்தம்தான் அவருக்கு மீட்டர். சத்தம் மந்தமாக இருந்தால் திருகை அரைச் சுற்று இறுக்குவார். அதிகமாக இறுக்கினால் பாட்டில் வெடிக்கும்; அதற்காகத்தான் பாட்டிலை இரும்புக் கூண்டில் வைத்துச் சுற்றுவது. ஹைரம் காட் என்ற இங்கிலாந்துக்காரர் 1870களில் கண்டுபிடித்த பாட்டில் அது. தன் கோலி மாங்கனித் திருவிழாக் கூட்டத்தில் இத்தனை தொண்டைகளை நனைக்கும் என்று அவர் நினைத்திருக்கமாட்டார்.

திருவிழா நாளிலும் மஸ்தான் சாகிபு கந்தூரி நாளிலும் மிஷின் ஓயாது. அப்போது ரெகுலேட்டர் மேல் வெள்ளை வெளேரென்று பனி படரும். அடைபட்டிருந்த கேஸ் வேகமாக விரியும்போது சூட்டை இழுத்துக்கொள்ளும் என்ற பௌதிகம் எல்லாம் எங்களுக்குப் பின்னால் பள்ளிக்கூடத்தில் சொன்னது. அன்று தெரிந்த வைத்தியம் ஒன்றே: ஒரு சொம்பு தண்ணீர்.

இனி இன்றைய கதை. அக்கா வாக்கப்பட்டது ‘சொல்தா’ குடும்பத்தில். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து, ஊரை இந்தியாவுக்குக் கொடுத்த ஒப்பந்தம் 1962இல் அமலுக்கு வந்த பிறகும் பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொண்டவர்கள். அவள் மகன் பாரிஸ் புறநகரில் இருக்கிறான். வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறான். லீவுக்கு ஊருக்கு வரும்போது இங்கேயும் ஒரு செட் போட வேண்டுமாம். வீடியோவில் கூப்பிட்டான்.

“மாமா, ரெகுலேட்டர் சிங்கிள் ஸ்டேஜ் வாங்கவா, டபுள் ஸ்டேஜ் வாங்கவா? நீங்கதான் கேஸ்ல கைராசிக்காரராச்சே.”

“கைராசி உங்க தாத்தாவுக்குடா மாப்ளே. மொதல்ல ஊத்தி வைக்கிற பாத்திரத்தைக் காட்டு.”

காட்டினான். சிரிப்பை அடக்க முடியவில்லை. பத்தொன்பது லிட்டர் பிடிக்கும் எவர்சில்வர் கெக். பெப்சியும் கோக்கும் சிரப் அடைத்துக் கடைகளுக்கு அனுப்பிய பாத்திரம். சிரப்பைப் பெட்டிக்குள் பையில் அடைக்கும் முறை வந்ததும் கழித்துக் கட்டினார்கள். பீர் காய்ச்சுகிறவர்கள் அள்ளிக்கொண்டார்கள். பையன் பெருமையோடு காட்டியது கலர் கம்பெனிச் சாமான். அதில் தப்பும் இல்லை. ஜோசப் பிரீஸ்ட்லி 1767இல் லீட்ஸ் நகரத்து பீர் ஆலைத் தொட்டியின் மேல் மிதந்த காற்றைத் தண்ணீரில் ஏற்றித்தான் சோடாவே பிறந்தது. பங்காளிகள் மறுபடி ஒன்று சேர்ந்தார்கள், அவ்வளவுதான்.

கேள்விக்கு வருவோம். டபுள் ஸ்டேஜ் ரெகுலேட்டர் அழுத்தத்தை இரண்டு படியாக இறக்கும். சிலிண்டருக்குள் அழுத்தம் குறையக் குறைய வெளியே போவது மாறாமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் கரியமில வாயு சிலிண்டருக்குள் திரவமாகக் கிடக்கிறது. 20 டிகிரியில் சுமார் 57 பார். கடைசிச் சொட்டுத் திரவம் தீரும்வரை அதே 57. இறங்காத அழுத்தத்துக்கு இரண்டு படி எதற்கு? வீட்டு பீருக்குச் சிங்கிள் ஸ்டேஜே போதும். மிச்சப் பணத்தில் நல்ல குழாய் வாங்கலாம்.

அதனாலேயே சிலிண்டர் அழுத்தத்தைக் காட்டும் பெரிய மீட்டர் ஓர் அழகுப் பொருள். சிலிண்டர் நிறைந்திருந்தாலும் கால்வாசி இருந்தாலும் முள் ஒரே இடத்தில் நிற்கும். திடீரென்று இறங்கினால் கேஸ் தீரப்போகிறது என்று அர்த்தம். சித்திரை வெயிலில் 31 டிகிரியைத் தாண்டினால் திரவம் என்ற நிலையே கிடையாது, முள் வெயிலுக்குத் தக்கபடி ஏறும். எவ்வளவு மிச்சம் என்று அறியத் தராசுதான் வழி. அப்பாவின் அசையாத முள்ளைப் பழுது என்று ஊரே கேலி செய்தது. அது பாதி நேரம் சரியாகத்தான் காட்டிக்கொண்டிருந்தது போலிருக்கிறது.

பார்க்க வேண்டியது வெளியே போகும் அழுத்தத்தைக் காட்டும் சின்ன மீட்டரை. பீருக்கு 10, 12 பி.எஸ்.ஐ. போதும், அதுவும் 4 டிகிரிக் குளிரில். நூறைத் தாண்டும் மீட்டரில் அந்த இரண்டு கோட்டைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் பிரிக்க முடியும். முப்பதிலோ அறுபதிலோ முடியும் மீட்டர் வேண்டும். அழுத்தம் எகிறினால் தானே திறந்துவிடும் சேஃப்டி வால்வு கட்டாயம். பீர் பின்னோக்கி ஏறி ரெகுலேட்டருக்குள் புகாமல் தடுக்க ஒரு செக் வால்வும் வேண்டும். புகுந்தால் உள்ளே காய்ந்து கோந்தாகிவிடும்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் பையன் ஆன்லைனில் பிடித்த மலிவுச் சரக்கைக் காட்டினான். அமெரிக்கச் சரக்கு. அவர்கள் மரை சி.ஜி.ஏ. 320, ஐரோப்பாவில் பெரும்பாலும் டபிள்யூ 21.8. இந்திய வால்வுகளுக்கு ஐ.எஸ். 3224 என்று தனித் தரம். வாங்கி அலமாரியில் வைக்கலாம், மாட்ட முடியாது. “டெஃப்லான் டேப் சுத்தி இறுக்கினா?” என்றான். அங்கே டேப்புக்கு வேலை இல்லை, வாஷர்தான் அடைக்கும் என்றேன். சோடா கம்பெனிக்காரன் பேரன் கேட்கிற கேள்வியா அது!

வேடிக்கை இனிமேல்தான். பாரிஸில் அவன் வீட்டுக்கென்று காய்ச்சினால் கேட்பாரில்லை. காரைக்காலில் சாராயக்கடை உண்டு, கள்ளுக்கடை உண்டு, பார் உண்டு. கள்ளுக்கு ரெகுலேட்டரும் வேண்டாம். பானையில் தானே பொங்கும், சுண்ணாம்பு தடவினால்தான் அடங்கும். ஆனால் லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சினால், புதுச்சேரியின் 1970ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி குற்றம். ஊரெல்லாம் ஓடுகிற சரக்கு உன் அடுப்பில் ஓடக்கூடாது. தமிழ்நாட்டில் மூடினபோதும் சரி, திறந்தபோதும் சரி, விற்றுப் பிழைத்த எங்கள் ஊருக்குக் குடிப்பது பிரச்சினையே இல்லை. வரி கட்டாமல் குடிப்பதுதான் பிரச்சினை.

ஆகவே வாங்க நினைப்பவர்களுக்கு: முதலில் சிலிண்டர், அதன் மரை பார்த்துப் பிறகு ரெகுலேட்டர். சிங்கிள் ஸ்டேஜ், சேஃப்டி வால்வு உள்ளது. ஜன்னல் இல்லாத அறையில் வைக்காதீர்கள். இந்தக் கேஸுக்கு வாசனை கிடையாது. காரைக்கால், புதுச்சேரிக்காரர்கள் கெக்கில் பன்னீர் சோடா ஊற்றிக்கொள்ளுங்கள், அதற்கு லைசென்ஸ் கேட்டு கலால் துறை வராது.